“விமானி செய்த தப்பு” என்றார்கள். கடைசியில் விமானமே மாட்டிக்கொண்டது!

உலகின் முதல் பயணிகள் ஜெட்டை ஓட்டியவர்கள் கதை

1952-ம் ஆண்டு அக்டோபர் 26. இரவு நேரம். இத்தாலி நாட்டின் ரோம் நகரில் மழை தூறிக்கொண்டிருந்தது.

சியாம்பினோ விமான நிலையத்தில் ஒரு ஜெட் விமானம் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே 35 பயணிகள். சிப்பந்திகள் 8 பேர். விமானத்தின் பெயர் கோமெட். அதாவது வால் நட்சத்திரம். கேப்டன் பெயர் ஹாரி ஃபுட்.

விமானம் சீறிப் பாய்ந்தது. முன்சக்கரம் மேலே எழும்பியது. வேகம் கூடியது. ஃபுட் விமானத்தைத் தூக்கினார். தரையை விட்டுச் சற்றே எழும்பிய விமானம், மேலே போக மறுத்தது. இடது பக்க இறக்கை சாய்ந்தது. உடம்பெல்லாம் கடகடவென்று நடுங்கியது.

எதிரே ஒரே கும்மிருட்டு. ஓடுபாதை முடியப்போகிறது. இனி எழும்பாது என்று தெரிந்ததும் ஃபுட் என்ஜின்களின் வேகத்தை அடியோடு குறைத்தார்.

ஓடுபாதையைத் தாண்டிப் பாய்ந்தது விமானம். மண்மேட்டில் மோதிச் சக்கரங்கள் பிய்ந்து போயின. எரிபொருள் தரையெல்லாம் ஓடியது. விமான நிலையத்தின் எல்லைக்குச் சில கஜ தூரத்தில் போய் நின்றது.

நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. 43 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

உயிர் பிழைத்தார் ஃபுட். ஆனால் அவர் மானம் பிழைக்கவில்லை!

விசாரணைத் தீர்ப்பு

விசாரணை நடந்தது. “விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார். அதைக் கவனிக்கத் தவறிவிட்டார். தப்பு கேப்டனுடையது” என்று முடிவாயிற்று.

உலகத்திலேயே வேகமான பயணிகள் விமானத்தை ஓட்டியவர் ஃபுட். தீர்ப்புக்குப் பிறகு அவரைச் சரக்கு விமானம் ஓட்ட அனுப்பினார்கள். அது யார்க் என்ற பழைய காலத்து விசிறி விமானம்.

எக்ஸ்பிரஸ் ரெயில் டிரைவரை கூட்ஸ் வண்டிக்கு மாற்றின மாதிரி!

“நான் செய்தது எல்லாம் புத்தகத்தில் சொன்னபடிதான்” என்பது ஃபுட் கட்சி. விமானிகள் சங்கம் அவர் பக்கம் நின்றது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

அப்படி என்ன விமானம் அது? ஏன் அதற்கு அத்தனை மவுசு? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மேகத்துக்கு மேலே

கோமெட்டைக் கட்டியது இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் கம்பெனி. ஓட்டியது அந்நாட்டு அரசின் பி.ஓ.ஏ.சி. விமானக் கம்பெனி.

1952 மே 2-ந் தேதி லண்டனில் இருந்து தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்கு முதல் கோமெட் புறப்பட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப் போன முதல் ஜெட் விமானம் உலகத்திலேயே அதுதான்.

ரோம், பெய்ரூட், கார்ட்டூம், என்டெபி, லிவிங்ஸ்டன் என்று வழியில் ஐந்து இடங்களில் நின்று, 6,700 மைல் தூரத்தை ஒரு நாளுக்குள் முடித்தது. ஒரே கேப்டன் ஓட்டவில்லை. வழியில் பெய்ரூட்டிலும் கார்ட்டூமிலும் ஆள் மாறினார்கள். மஜெண்டி, மார்ஸ்டன், அலபாஸ்டர் என்று மூன்று கேப்டன்கள்.

அந்த முதல் விமானத்தின் எழுத்து ஜி-ஏ.எல்.ஒய்.பி. ரேடியோவில் அதை “யோக் பீட்டர்” என்று கூப்பிடுவார்கள். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் வரும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் வழியாகக் கொழும்புக்கும், அக்டோபரில் கல்கத்தா வழியாக சிங்கப்பூருக்கும், 1953 ஏப்ரலில் டோக்கியோவுக்கும் கோமெட் பறந்தது.

நாணயம் விழவில்லை!

அதுவரை விசிறி விமானம்தான். போய் இறங்கிய பிறகும் காதில் ‘கொய்ங்’ என்று சத்தம் நிற்காது. மேகத்துக்கு உள்ளேயே போவதால் தூக்கித் தூக்கிப் போடும். வாந்தி எடுக்காத பயணி பாக்கியசாலி.

கோமெட் அப்படி இல்லை. 35 ஆயிரம், 40 ஆயிரம் அடி உயரத்தில், மழைக்கும் மேகத்துக்கும் மேலே, மணிக்கு 480 மைல் வேகத்தில் போனது. கோமெட்டில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதன் அமைதியைத்தான். மேஜை மேல் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் விழாமல் நிற்கும் என்று காட்டி விளம்பரம் செய்தார்கள்.

மொத்தம் 36 பேர் உட்காரலாம். முன்னால் 8 பேருக்கு எதிரும் புதிருமாக மேஜை போட்ட ஆசனங்கள். உபசரிக்க ஒரு சிப்பந்தியும் ஒரு பணிப்பெண்ணும். முன் அறையில் கேப்டன், துணை விமானி, என்ஜினீயர், ரேடியோ அதிகாரி என்று நாலு பேர்.

ஜோகன்னஸ்பர்க் போய்வர டிக்கெட் 315 பவுன். அந்தக் காலத்துக்கு அது சின்னப் பணமா? ஆனாலும் டிக்கெட்டுக்கு அடிதடி.

விமானிகளின் வயிற்றில் புளி

பயணிகளுக்குச் சொகுசு. ஓட்டுகிறவர்களுக்கோ வயிற்றில் புளி!

காரணம் எரிபொருள். கோமெட் குடித்தது மண்ணெண்ணெய். நம் வீட்டு ஸ்டவ்வுக்கு ஊற்றுவோமே, அந்த ஜாதிதான். உயரத்தில் போகும்போது சிக்கனமாகக் குடிக்கும். கீழே இறங்கிவிட்டால் தாகம் அடங்காது. விமான நிலையத்துக்கு மேலே “கொஞ்சம் சுற்றிக்கொண்டிருங்கள், இடம் இல்லை” என்று சொன்னால் டேங்க் காலியாகிவிடும்.

அதனால் எந்த இடத்தில், எந்த நிமிஷத்தில் இறங்க ஆரம்பிப்பது என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். காற்று எப்படி, எதிரே மழையா என்பதையெல்லாம் ரேடியோவில் கேட்டுக்கொண்டே போக வேண்டும். விசிறி விமானத்தில் பல்லாயிரம் மணி நேரம் பறந்த கேப்டன்கள்கூடப் பள்ளிப் பிள்ளை மாதிரி மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய விமானத்தில் பிடியை இழுத்தால் எதிர்க்காற்றின் கனம் கையில் தெரியும். சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி. கோமெட்டிலோ பிடிக்கும் இறக்கைக்கும் நடுவில் இயந்திரம் வேலை செய்தது. கையில் ஒன்றும் தெரியாது. விமானம் எவ்வளவு தூரம் மூக்கைத் தூக்கியிருக்கிறது என்பதை, அதுவும் இருட்டில், உணர வழி இல்லை.

அங்கேதான் ஃபுட் மாட்டிக்கொண்டார்.

கராச்சியில் 11 பேர் பலி

ஃபுட் தீர்ப்பின் சூடு ஆறுமுன் இன்னொரு பயங்கரம் நடந்தது.

1953 மார்ச் 3. கராச்சி. பொழுது விடியவில்லை. கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாக வாங்கிய கோமெட், ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் சார்லஸ் பென்ட்லண்ட். பயணிகள் கிடையாது. சிப்பந்திகள் 5 பேரும், டி ஹாவிலாண்ட் கம்பெனி ஆட்கள் 6 பேரும் இருந்தார்கள்.

ரோமில் நடந்தது அச்சு அசலாக மறுபடி நடந்தது. மூக்கைத் தூக்கியது. எழும்ப மறுத்தது. ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதி வெடித்துத் தீப்பிடித்தது. 11 பேரும் கருகி மாண்டார்கள். பயணிகள் ஜெட் விமானம் ஒன்று உயிரைக் குடித்தது அதுவே முதல் தடவை.

இதற்கும் “விமானி தப்பு” என்றே எழுதினார்கள். செத்தவர் வந்து வாதாடவா போகிறார்?

தப்பு யாருடையது?

இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தார்கள் என்றால், அது ஆள் செய்த தப்பா, ஆயுதம் செய்த தப்பா?

விஷயம் இதுதான். விசிறி விமானத்தில், விசிறி தள்ளும் காற்றே இறக்கை மேல் பாய்ந்து அதைத் தூக்க உதவும். ஜெட்டில் அந்த உதவி கிடையாது. ஓடுகிற வேகத்தில் வரும் காற்றுதான் எல்லாம். ஓடும்போதே மூக்கை ஒரு அளவுக்கு மேல் தூக்கினால், கோமெட்டின் இறக்கை மேல் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். தூக்குவதற்குப் பதிலாக இறக்கையே பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். அப்புறம் எத்தனை தூரம் ஓடினாலும் எழும்பாது.

கராச்சி விபத்துக்குப் பிறகு டி ஹாவிலாண்ட் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? இறக்கையின் முன் விளிம்பை வேறு மாதிரி வளைத்து மாற்றியது. மூக்கை அதிகம் தூக்கினாலும் இறக்கை கைவிடாதபடி திருத்தியது.

விமானி தப்பு என்றால் இறக்கையை ஏன் மாற்றினார்கள்? ஃபுட் கேட்ட கேள்வியும் அதுதான். தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க அவர் விடாமல் போராடினார்.

கல்கத்தாவில் 43 பேர்

1953 மே 2. முதல் கோமெட் பறந்து சரியாக ஒரு வருஷம்.

சிங்கப்பூரில் இருந்து லண்டன் போகும் கோமெட், கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் இருந்து மாலையில் டெல்லிக்குக் கிளம்பியது. கேப்டன் மாரிஸ் ஹாடன். கிளம்பி ஆறு நிமிஷம்தான் ஆகியிருக்கும். வங்காளத்துக் கோடை இடிமழைக்குள் விமானம் நுழைந்தது. ரேடியோ அடங்கிப்போனது.

ஹூக்ளி மாவட்டத்துக் கிராமத்து ஜனங்கள், இறக்கை இல்லாத ஒரு பொருள் எரிந்துகொண்டே மழையோடு விழுவதைப் பார்த்தார்கள். 43 பேர் பலி. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

புயல் காற்றில் சிக்கி விமானம் ஒடிந்தது என்று இந்திய விசாரணையில் முடிவாயிற்று. கோமெட்டுகள் தொடர்ந்து பறந்தன.

பாதியில் நின்ற பேச்சு

1954 ஜனவரி 10. காலை. மறுபடியும் அதே ரோம்.

சிங்கப்பூரில் புறப்பட்டு கல்கத்தா, கராச்சி, பஹ்ரைன், பெய்ரூட் வழியாக வந்த கோமெட், லண்டனுக்குக் கடைசிக் கட்டமாகக் கிளம்பியது. 29 பயணிகள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். சிப்பந்திகள் 6 பேர். கேப்டன் ஆலன் கிப்சன்.

விமானம் எது? வாசகர்களை நினைவில் வைக்கச் சொன்னோமே, அந்த முதல் ஜெட், யோக் பீட்டரேதான்!

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே கம்பெனியின் விசிறி விமானம் ஒன்று கிளம்பிக் கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த விமானியோடு கிப்சன் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அந்த விமானத்தின் ரேடியோ பெயரைச் சொல்லி அழைத்து, “நான் சொன்ன அந்த...” என்று தகவல் கிடைத்ததா எனக் கேட்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். வாக்கியம் முடியவில்லை. பேச்சு பாதியில் அறுந்தது.

எல்பா தீவு மீனவர்கள் மேகத்துக்கு மேலே வெடிச் சத்தம் கேட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது எரியும் துண்டுகள் கடலில் விழுந்துகொண்டிருந்தன. படகைச் செலுத்திப் போய் 15 உடல்களை மீட்டார்கள். 35 பேரில் யாரும் பிழைக்கவில்லை.

விசாரித்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். நுரையீரல் வெடித்திருந்தது. மண்டை உடைந்திருந்தது. கடலில் மூழ்கி வந்த சாவு அல்ல அது. வானத்திலேயே வந்த சாவு!

16 நாளில் அடுத்த இடி

மறுநாளே பி.ஓ.ஏ.சி. கோமெட்டுகளை நிறுத்தியது. என்ஜினா, தீயா, சதியா என்று அலசினார்கள். சந்தேகப்பட்ட இடமெல்லாம் திருத்தம் செய்தார்கள். மார்ச் 23-ல் மறுபடி பறக்க விட்டார்கள்.

காரணம் தெரியாமலே பறந்தார்கள் சிப்பந்திகள். வேலை என்று இருந்தால் போய்த்தானே ஆக வேண்டும்?

16-வது நாள், ஏப்ரல் 8. ரோமில் இருந்து கெய்ரோவுக்குப் போன கோமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. தென் ஆப்பிரிக்கச் சிப்பந்திகள் 7 பேர், பயணிகள் 14 பேர். அத்தனை பேரும் பலி.

இந்தத் தடவை அரசே கோமெட்டின் பறக்கும் உரிமையைப் பறித்தது.

தண்ணீர்த் தொட்டியில் அம்பலம்

துப்புத் துலக்கும் பொறுப்பு ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஆர்னால்ட் ஹால் கையில் வந்தது.

எல்பா கடலடியில் டெலிவிஷன் காமிராவை இறக்கி, யோக் பீட்டரின் துண்டுகளைக் கடற்படை பொறுக்கி எடுத்தது. ஃபார்ன்பரோவில் சட்டம் கட்டி, துண்டு துண்டாகப் பொருத்தினார்கள். எரிந்த வீட்டில் போலீசார் தடயம் தேடுகிற மாதிரிதான்.

அதே சமயம் இன்னொரு கோமெட்டை ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர்.

ஏன் தண்ணீர்? உயரத்தில் காற்று மெல்லியது, மூச்சு விட முடியாது. அதனால் விமானத்துக்குள் காற்றை அடைத்து வைக்கிறார்கள். மேலே ஏறும்போது சைக்கிள் ட்யூப் மாதிரி உப்பும். இறங்கும்போது சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இப்படி. சோதனையில் காற்றை அடைத்தால், வெடிக்கும்போது குண்டு மாதிரி சிதறித் தடயமே மிஞ்சாது. தண்ணீர் என்றால் கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும்.

இரவு பகலாக அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். சில நிமிஷத்துக்கு ஒரு ‘பயணம்’. இறக்கையையும் இயந்திரம் வைத்து ஆட்டினார்கள்.

அந்த விமானம் ஏற்கனவே நிஜமாக 1,221 தடவை பறந்தது. தொட்டியில் 1,836 ‘பயணம்’ ஆனபோது, 1954 ஜூன் கடைசியில், அழுத்தம் பொசுக்கென்று இறங்கியது. தண்ணீரை வடித்துப் பார்த்தார்கள். ஜன்னல் மூலையில் இருந்து தகடு கிழிந்திருந்தது!

கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு சமயம் பட்டென்று ஒடிகிறதே, அதுதான். உலோகத்துக்கும் அலுப்பு உண்டு. கோமெட்டின் தகட்டுக் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஜன்னல் மூலையில் இழுவை ஜாஸ்தி. ஆணித் துளையில் மயிரிழை வெடிப்பு விழுந்து, பறக்கப் பறக்க வளர்ந்து, ஒரு நாள் ஒரு நொடியில் கிழிந்தது.

யோக் பீட்டர் பறந்தது 1,290 தடவை. நேப்பிள்ஸ் விமானம் 900 தடவைதான்.

கடலடியில் எடுத்த கூரைத் துண்டிலும், ரேடியோ ஏரியல் வைத்த சின்ன ஜன்னல் மூலையில் அதே வெடிப்பு இருந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்!

சோதித்தும் ஏன் தெரியவில்லை?

கம்பெனி சோதிக்காமல் விடவில்லை. ஒரு கூட்டை வைத்து 16 ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்திப் பார்த்தது. தாங்கியது. அதனால் கவலை இல்லாமல் இருந்தது.

வினை அங்கேதான். அந்தச் சோதனைக் கூட்டை ஏற்கனவே இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்து வேறொரு சோதனைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த அமுக்கலில் ஜன்னல் மூலைகள் இறுகிப் பலம் கூடிவிட்டன. சோதனை விமானத்துக்கு வந்த பலம், ஜனங்களை ஏற்றிப் போன விமானத்துக்கு இல்லை.

வேண்டுமென்று செய்த குற்றம் அல்ல, அந்தக் காலத்து அறிவுக்கு எட்டாதது என்று 1955-ல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. யாரையும் தண்டிக்கவில்லை.

முகமூடி போட்டுப் பறந்தவர்கள்

இதில் வெளியே அதிகம் பேசப்படாதவர்கள் சோதனை விமானிகள். தொட்டியில் சோதனை நடந்தபோதே ஒரு கோமெட்டை வானத்திலும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே காற்று அடைக்காமல், ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டு பறந்தார்கள். எது உடையும் என்று தெரியாத விமானம் அது. அப்படியும் ஏறினார்கள்.

அதன் பலன் பிறகு தெரிந்தது. தகடு கனமாக்கப்பட்டது. ஜன்னல் வடிவம் மாறியது. திருத்திக் கட்டிய கோமெட்-4 விமானம் 1958 அக்டோபர் 4-ல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பறந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிய முதல் பயணிகள் ஜெட் சர்வீஸ் அதுதான். ஆனால் சந்தை கைவிட்டுப் போயிருந்தது. அமெரிக்காவின் போயிங் முந்திக்கொண்டது.

இன்னொரு பலனும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கோமெட் விபத்துகளை ஆராய்ந்த குழுவில் டேவிட் வாரன் என்ற விஞ்ஞானி இருந்தார். கடைசி நேரத்தில் விமானிகள் என்ன பேசினார்கள் என்று பதிவாகியிருந்தால் இத்தனை குழப்பம் இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. விமான அறைப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியை உண்டாக்கினார். இப்போது விபத்து நடந்தால் முதலில் தேடுகிறோமே, கறுப்புப் பெட்டி, அதன் ஆரம்பம் அதுதான்.

கிப்சன் பேச்சு பாதியில் நின்றது. ஹாடன் ஒன்றும் சொல்லாமல் போனார். பென்ட்லண்ட் தன் கட்சியைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. சொல்ல உயிரோடு இருந்தவர் ஃபுட் ஒருவர்தான். அவர் சொன்னதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரோமில் அந்த இரவில் என்ஜினைக் குறைத்து 43 பேரையும் உயிரோடு இறக்கிவிட்டவர் அவர். இறக்கையைத் திருத்தினார்கள். ஜன்னலைத் திருத்தினார்கள். ஃபுட் பெயருக்கு எதிரே எழுதிய “தப்பு” என்பதை மட்டும் உடனே திருத்தவில்லை என்பதுதான் பரிதாபம்.